சாவி யார் கையில்? ஈவ் ஆன்லைனில் கார்ப்பில் சேரவும் தொடங்கவும் ஒரு வழிகாட்டி

மற்ற ஆன்லைன் கேம்களில் கில்டு, கிளான் என்பதெல்லாம் ஈவ் ஆன்லைனில் கார்ப்பரேஷன். ஆடுகிறவர்கள் சுருக்கமாக ‘கார்ப்’ என்பார்கள். பல கார்ப்கள் சேர்ந்தால் அலையன்ஸ். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் இருக்கும் சிசிபி நிறுவனம் 2003 மே 6-ல் வெளியிட்ட விண்வெளிக் கப்பல் கேம் இது. சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு. மற்ற எல்லா நாட்டுக்காரர்களும் டிராங்குவிலிட்டி என்ற ஒரே சர்வரில்தான் பறக்கிறார்கள். 2016 நவம்பரிலிருந்து ஆல்ஃபா கணக்கில் காசு கட்டாமலே ஆடலாம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்ப்பின் கிடங்கிலிருந்து ஒருவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனால் அது இந்த கேமின் விதிப்படி குற்றம் இல்லை. சிசிபியிடம் புகார் கொடுத்தாலும் பொருள் திரும்பி வராது. ஹேக்கிங், நிஜப் பணத்துக்கு இஸ்க் (கேமின் நாணயம்) விற்பது போன்றவைதான் தடை. நம்பவைத்துக் கழுத்தறுப்பது ஆட்டத்தின் ஒரு பகுதி. அதனால் கார்ப்புக்காக கேம் தருகிற வசதிகள், அதாவது ரோல் (ஒரு வேலைக்கான அதிகாரம்), ஹாங்கர் (கிடங்கு), வாலட் (பணப்பை), டைட்டில் (ரோல்களின் கட்டு) எல்லாமே அடிப்படையில் ஒரே கேள்விக்கான பதில்தான்: எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற அலையன்ஸ் கேமின் பெரிய சக்திகளில் ஒன்றாக இருந்தது. அதில் டைரக்டர் அதிகாரம் வைத்திருந்த ஒருவர் எதிரியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்தார். போகிற போக்கில் அலையன்ஸையே கலைத்துவிட்டுப் போனார். ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. பல ஆண்டுகள் சண்டை போட்டும் எதிரிகளால் செய்ய முடியாததை, உள்ளிருந்து சில பட்டன்களை அழுத்தி முடித்துவிட்டார். பெயரும் போனது, டெல்வ் பகுதியில் இருந்த ஆட்சியுரிமையும் போனது. ‘டைரக்டர்’ என்ற ரோலை யாருக்குக் கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்வது ஈவ் உலக வழக்கம்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் வேறொருவர் கார்ப்பில் சேருங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு, அதுவும் நண்பர்களோடு வருகிறவர்களுக்கு, முதல் வாரமே சொந்த கார்ப் தொடங்க ஆசை வரும். தள்ளிப்போடுங்கள். கேரக்டரை உருவாக்கியதும் கேம் உங்களை, தானே நடத்துகிற ஒரு என்பிசி கார்ப்பில் போட்டுவிடும். அங்கே இருப்பதில் ஒரு நன்மை உண்டு: என்பிசி கார்ப் மேல் யாரும் போர் அறிவிக்க முடியாது. கஷ்டம் என்னவென்றால், கொள்ளைக் கப்பல்களை அழித்து நீங்கள் சம்பாதிக்கும் பவுண்டியில் 11% வரியாகப் போகும், அதற்குப் பதிலாக உங்களுக்கு எதுவும் கிடைக்காது. கரியர் ஏஜென்ட்கள் தரும் பயிற்சி மிஷன்களை முடிக்கிற வரை அங்கேயே இருங்கள். மைனிங், சண்டை, ஸ்கேனிங், வியாபாரம் என்று எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிடலாம். எது பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு கார்ப் தேடினால் தேடல் சுலபம்.

புதியவர்களுக்கென்றே திறந்திருக்கும் கார்ப்கள் சில உண்டு. ஈவ் யுனிவர்சிட்டி 2004-லிருந்து நடக்கிறது. ஆட்டக்காரர்களே நடத்துகிற ஒரு கல்லூரி என்று சொல்லலாம். வகுப்புகள், பாடக்குறிப்புகள், பயிற்சிக் கப்பல்கூட்டங்கள் என்று எல்லாம் முறைப்படி இருக்கும். படித்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு ஏற்ற இடம். நேராகப் பெரிய சண்டைக்குள் குதிக்க வேண்டும் என்றால் பாண்டெமிக் ஹோர்டு, கர்மாஃப்ளீட், பிரேவ் நியூபீஸ் போன்றவை போலீஸ் இல்லாத நல்செக் பகுதியிலிருந்து இயங்குகின்றன. இங்கே கப்பல் வெடிப்பது அன்றாட விஷயம். முதல் நாளே ஃப்ரிகேட் என்ற மலிவான சிறு கப்பலைக் கொடுத்து, ‘வா, சாகலாம்’ என்று கூட்டிப்போவார்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக்கூட இது நல்ல மருந்து என்பது என் எண்ணம்.

நேரம் பொருந்துகிறதா?

நம் ஊர்க்காரர்கள் கார்ப் தேடும்போது கவனிக்காமல் விடுவது இதைத்தான். கார்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீங்கள் ஆன்லைனில் இருக்கும்போது அங்கே ஆள் இல்லை என்றால் பிரயோஜனம் இல்லை. ஈவ் நேரம் என்பது யூடிசி. அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால் இந்திய, இலங்கை நேரம். தினமும் ஈவ் நேரப்படி 11 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 4:30-க்கு, சர்வர் சிறிது நேரம் மூடித் திறக்கும்.

மேற்கு ஐரோப்பியர்கள் மும்முரமாக ஆடும் நேரம் நமக்கு ஏறக்குறைய இரவு 11:30-க்கு மேல். அமெரிக்கர்களின் இரவு நமக்கு விடியற்காலையும் காலையும். ஆஸ்திரேலியர்களின் மாலை நமக்கு மதியம் தாண்டிய நேரம். வேலை முடிந்து இரவு எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை ஆடுகிறவர் என்றால் நீங்கள் ஆஸ்திரேலிய வால்பகுதிக்கும் ஐரோப்பியத் தொடக்கத்துக்கும் நடுவில் நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் கிழக்கு ஐரோப்பியர்களும், ஃப்ராடர்னிட்டி போன்ற சீனர்கள் அதிகம் உள்ள அலையன்ஸ்களும் விழித்திருப்பார்கள். விளம்பரத்தில் ‘எல்லா நேரமும் ஆட்கள் உண்டு’ என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். இசட்கில்போர்டு என்ற தளத்தில் கார்ப்பின் பெயரைத் தேடுங்கள். அவர்கள் அழித்த கப்பல், இழந்த கப்பல், எந்த மணிக்கு எவ்வளவு சண்டை என்பது வரை காட்டும். யூடிசி 15 முதல் 18 வரையுள்ள கட்டங்கள் வெறுமையாக இருந்தால் அந்த கார்ப் உங்களுக்கு இல்லை. மைனிங் கார்ப்புக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அவர்களிடம் நேராகக் கேட்டுவிடலாம்: ‘எங்கள் ஊரில் இரவு ஒன்பது மணிக்கு எத்தனை பேர் வாய்ஸில் இருப்பீர்கள்?’

விண்ணப்பமும் விசாரணையும்

பெரும்பாலான கார்ப்கள் விண்ணப்பித்தவுடன் உங்கள் கேரக்டர் விவரங்களைக் கேட்கும். கேம் விவரங்களை வெளிச் செயலிகளுக்குத் தரும் ஈஎஸ்ஐ என்ற வழியில் உங்கள் மெயில், வாலட் வரவுசெலவு, சொத்துப் பட்டியல், ஸ்கில் எல்லாவற்றையும் அவர்கள் தளத்துக்குப் பார்க்கத் தருவீர்கள். புதியவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் இது உளவாளியைப் பிடிக்க எல்லோரும் செய்கிற வழக்கம். அந்த அனுமதியை வைத்து உங்கள் இஸ்க்கையோ கப்பலையோ யாரும் எடுக்க முடியாது. படிக்கத்தான் முடியும், சில அனுமதிகளில் மெயில் அனுப்புவது போன்ற சின்ன வேலைகள் செய்யலாம். ஒப்புதல் கொடுக்கும் பக்கம் ஈவின் சொந்த லாகின் பக்கம்தானா என்று முகவரியைப் பாருங்கள். வெளியேறும்போது உங்கள் கணக்கு அமைப்புகளில் அந்தச் செயலியின் அனுமதியை ரத்து செய்யுங்கள். பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும், எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள்.

விசாரணை இரு பக்கமும் நடக்க வேண்டும். ஊரில் சீட்டு கட்டுவதற்கு முன்னால் சீட்டு நடத்துகிறவர் யார், எத்தனை வருஷமாக நடத்துகிறார், முன்னால் எடுத்தவருக்குப் பணம் வந்ததா என்று விசாரிப்போமே, அதே புத்தி இங்கேயும் வேண்டும். கார்ப் எப்போது தொடங்கியது, சிஇஓ எத்தனை முறை மாறியிருக்கிறார், ஆட்கள் எவ்வளவு வேகமாக வந்து போகிறார்கள் என்பதெல்லாம் வெளிப்படையாகவே தெரியும்.

ஆள்சேர்ப்பு மோசடி பழைய கலை. ஜிட்டாவில், அதாவது கேமின் மிகப் பெரிய சந்தை இருக்கும் சிஸ்டத்தில், உங்களுக்கு ஒருவர் அன்பாகப் பேச்சைத் தொடங்குவார். ‘தம்பி, உன்னை எங்கள் அலையன்ஸில் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் எங்கள் இடம் நல்செக்கில் இருக்கிறது. வழியில் உன்னைச் சுட்டுவிடுவார்கள். உன் கப்பல், பொருள் எல்லாவற்றையும் இந்தப் பெயருக்கு காண்ட்ராக்ட்டில் போட்டுவிடு, எங்கள் சரக்குக் கப்பல் கொண்டுவந்துவிடும்.’ தொகை கேட்பதும் உண்டு: ‘சேர்க்கைக் கட்டணம், பிறகு திருப்பித் தருவோம்.’ உண்மையான கார்ப் எதுவும் சேருவதற்குக் காசு வாங்காது. பொருளைக் கொண்டுபோவதற்குத் தனிச் சரக்குச் சேவை வைத்திருந்தால், அது கார்ப்பில் சேர்ந்த பிறகு கொலாட்டரல் (பிணைத்தொகை) வைத்த கூரியர் காண்ட்ராக்ட்டாக இருக்கும். கொலாட்டரல் இல்லாமல் பொருளைக் கையில் கொடுப்பதும் தானம் செய்வதும் ஒன்றுதான்.

சேருமுன் இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ஃப்ரெண்ட்லி ஃபயர் அமைப்பு எப்படி இருக்கிறது? அது ‘லீகல்’ என்றிருந்தால் பாதுகாப்பான ஹைசெக்கிலும் கார்ப்காரர் உங்களைச் சுடலாம். கான்கார்டு போலீஸ் வராது. தன் ஆளையே சுடுவதற்கு ஈவில் ‘அவாக்ஸ்’ என்று தனிச் சொல்லே இருக்கிறது. இரண்டு, கார்ப்போ அதன் அலையன்ஸோ விண்வெளியில் ஸ்ட்ரக்சர் (சொந்தமாக நிறுவிய நிலையம் போன்றது) எதுவும் வைத்திருக்கிறதா? 2018 இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, ஸ்ட்ரக்சர் இல்லாத சிறு கார்ப் மேல் யாரும் ஒருதலையாகப் போர் அறிவிக்க முடியாது. ஸ்ட்ரக்சர் இருந்தால் அறிவிக்கலாம். அலையன்ஸில் ஒரே ஒரு கார்ப்பிடம் இருந்தாலும் அத்தனை கார்ப்களும் அந்த வலையில் வந்துவிடும். போர் என்றால் எதிரி உங்களை ஹைசெக்கில் தாராளமாகச் சுடலாம். அதற்காகச் சேரவேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்து சேருங்கள்.

சொந்த கார்ப்: தொடங்குவது எளிது

சில மாதம் ஆடிப் பழகிவிட்டீர்கள். நான்கைந்து நண்பர்கள் இருக்கிறீர்கள், வாய்ஸில் தமிழில் பேசிக்கொண்டு ஆட ஆசை. இப்போது தொடங்கலாம். கார்ப்பரேஷன் மேனேஜ்மென்ட் என்ற ஸ்கில் வேண்டும். ஒவ்வொரு லெவலுக்கும் 20 உறுப்பினர் இடம். ஐந்தாவது லெவலில் 100. அதற்கு மேல் வேண்டுமென்றால் அடுத்தடுத்த ஸ்கில்கள் உண்டு. எல்லாம் முடித்தால் 12,600 வரை போகும். உங்களுக்கு முதல் லெவலே போதும். ஸ்டேஷனில் டாக் செய்துகொண்டு, சுமார் 16 லட்சம் இஸ்க் கட்டினால் கார்ப் தயார். ஈவில் அது சில்லறைக் காசு. பெயரையும் ஐந்தெழுத்துக்குள் அடங்கும் டிக்கர் என்ற சுருக்கப் பெயரையும் யோசித்து வையுங்கள். பிறகு மாற்ற முடியாது. நள்ளிரவுச் சிரிப்பில் வைத்த பெயரோடுதான் வருடக்கணக்கில் திரிய வேண்டும்.

தொடங்கியதும் கார்ப் பெயரில் 1,000 பங்குகள் இருக்கும். நட்புக்காக ஆளுக்கு நூறு என்று பிரித்துக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். பங்குக்கு வாக்குரிமை உண்டு. பெரும்பான்மை பங்கு யாரிடம் சேர்கிறதோ அவர் சிஇஓவை மாற்றிவிடலாம். அவை கார்ப்பின் கையிலேயே கிடக்கட்டும்.

ஹாங்கர், வாலட், ரோல்: ஆள் சேர்க்குமுன் இதை முடியுங்கள்

நல்ல கார்ப்புக்கும் மூன்று மாதத்தில் உடைகிற கார்ப்புக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். ஆட்கள் வந்த பிறகு உரிமைகளைக் குறைத்தால் மனக்கசப்பு வரும். ‘என்னை நம்பவில்லையா?’ என்ற கேள்வி வரும். முதலிலேயே எல்லோருக்கும் குறைவாக இருந்தால் யாருக்கும் குறை தெரியாது.

ஸ்டேஷனில் ஆபீஸ் வாடகைக்கு எடுத்தால் கார்ப்புக்கு ஏழு ஹாங்கர் பிரிவுகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு விதமான உரிமை: பார்ப்பது, எடுப்பது. பார்க்கும் உரிமை இருந்தாலே பொருளை உள்ளே போடலாம். இதை வைத்து நிறையச் செய்யலாம். ஒரு மாதிரி சொல்கிறேன். முதல் பிரிவுக்கு ‘பொது’ என்று பெயரிட்டு எல்லோரும் எடுக்கும்படி விடுங்கள்: மலிவான ஃப்ரிகேட்கள், குண்டு, சில வெஞ்சர் மைனிங் கப்பல்கள். முழுவதும் களவுபோனாலும் ஒரு மாலையில் சம்பாதித்துவிடக்கூடிய அளவுக்குத்தான் அதில் இருக்க வேண்டும். இரண்டாவது ‘உண்டியல்’: எல்லோரும் பார்க்கலாம், போடலாம், எடுக்க முடியாது. தாது, லூட், நன்கொடை எல்லாம் இங்கே. மூன்றாவது உற்பத்தி செய்கிறவருக்கு. நான்காவது, கூட்டமாகச் சண்டைக்குப் போகும்போது எல்லோரும் ஒரே மாதிரி ஃபிட்டிங்கில் பறக்கும் டாக்ட்ரின் கப்பல்களுக்கு. இதை எடுக்கும் உரிமை கூட்டத்தை நடத்துகிற ஃப்ளீட் கமாண்டர் ஒருவரிடம் இருந்தால் போதும், அவர் எடுத்துக் கொடுப்பார். ஏழாவது உங்களுக்கு மட்டும். ஐந்தும் ஆறும் இப்போதைக்குக் காலி. தேவை தானாக வரும்.

ரோல் கொடுக்கும் திரையில் ஒரு சிக்கல் உண்டு. ஹாங்கர் உரிமைகள் மூன்று இடங்களுக்குத் தனித்தனியாக வரும்: தலைமையகம், அந்த உறுப்பினரின் பேஸ், மற்ற இடங்கள். தலைமையகத்துக்கு டிக் அடித்துவிட்டு, ஆபீஸ் வேறு ஸ்டேஷனில் இருந்தால் அவரால் ஒன்றும் எடுக்க முடியாது. ‘ஹாங்கர் திறக்கவில்லை’ என்று கேட்டு வருகிற கேள்விகளில் பாதிக்குப் பதில் இதுதான். எரிச்சலில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அப்படி ஒருவருக்கு டிக் அடித்த மாலை, எதை எல்லாம் திறந்துவிட்டோம் என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ரோல் கொடுக்காமல் டைட்டில் உருவாக்குங்கள். ரோல்களை ஒரு கட்டாகக் கட்டி ‘புதியவர்’, ‘மைனர்’, ‘உற்பத்தி’, ‘கமாண்டர்’ என்று பெயர் வைத்துக் கொடுக்கலாம். 16 டைட்டில் வரை வைக்கலாம். ஒருவர் பொறுப்பிலிருந்து விலகினால் டைட்டிலை எடுத்தால் போதும், அத்தனை உரிமையும் போய்விடும். தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: ரோல் எதுவும் இல்லாத உறுப்பினர் நினைத்தவுடன் விலகலாம், ரோல் இருப்பவர் அவற்றைத் துறந்துவிட்டு 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

வாலட்டும் ஏழு பிரிவு. புதிய கார்ப்புக்கு இரண்டு போதும்: மெயின் ஒன்று, கப்பல் இழப்பீட்டுக்கு ஒன்று. கணக்கைப் பார்க்க மட்டும் விரும்புகிறவருக்கு ஜூனியர் அக்கவுண்டன்ட் ரோல் கொடுங்கள். எல்லோரும் வரவுசெலவைப் பார்க்கும்படி வைப்பது நல்லது என்பேன். இஸ்க் எங்கே போகிறது என்ற சந்தேகம் வந்தால் சின்ன கார்ப்கள் உடைந்துவிடும். பொருள் உற்பத்திக்கான விலையுயர்ந்த ஒரிஜினல் புளூபிரிண்ட்கள் இருந்தால் அவற்றை லாக் டவுன் செய்யலாம்; பூட்டவும் திறக்கவும் வாக்கெடுப்பு வேண்டும். உறுப்பினர்கள் அதை வைத்து உற்பத்தி செய்யலாம், தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எளிதில் கைகூடாத பாதுகாப்பு இது, ஆனால் திருட்டைத் தடுப்பதில் இதைவிடப் பலமான வசதி கேமில் குறைவு.

டைரக்டர் ரோல்? தொடக்கத்தில் ஒருவருக்கும் வேண்டாம். அதைக் கொடுப்பது சிஇஓவால் மட்டுமே முடியும். கொடுத்துவிட்டால் எல்லா ஹாங்கரும் எல்லா வாலட்டும் அவருக்குத் திறந்தே இருக்கும். ஆள் சேர்க்க உதவி வேண்டுமா? பெர்சொனெல் மேனேஜர் ரோல் போதும். ஸ்ட்ரக்சரைப் பார்த்துக்கொள்ளவா? ஸ்டேஷன் மேனேஜர். டைரக்டர் தேவைப்படும் வேலை என்று நீங்கள் நினைப்பதில் பெரும்பாலானவற்றுக்குச் சிறிய ரோல் ஒன்று இருக்கும். நிஜ வாழ்வில் தெரிந்த நண்பர் என்றால் கொடுக்கலாம்தான். 2005-ல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை, ஒரு கார்ப்புக்குள் ஆளை அனுப்பி, பல மாதம் காத்திருந்து, சிஇஓவின் முழு நம்பிக்கையையும் பெற்று, பிறகு ஒரே நாளில் அவருடைய கப்பலையும் கார்ப்பின் சொத்துகளையும் சூறையாடியது. அந்தக் காலக் கணக்கில் 16,500 டாலர் மதிப்பு என்றார்கள். கேமுக்குள் மட்டும் தெரிந்த நண்பர் எவ்வளவு நாள் பழகினார் என்பதை அதனால்தான் நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

வருமானம் எங்கிருந்து?

கார்ப் வரியை சிஇஓ எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் கேம் தானாகப் பிடிப்பது பெரும்பாலும் பவுண்டியிலும் மிஷன் பரிசிலும்தான். மைனிங் செய்கிறவர் வெட்டும் தாதுவுக்கு வரி கிடையாது, சந்தையில் விற்கிறவருக்கும் கார்ப் வரி கிடையாது. எனவே நண்பர்கள் எல்லாம் மைனர்கள் என்றால் 10% வரி வைத்தாலும் வாலட் காலியாகவே இருக்கும். அப்படிப்பட்ட கார்ப்கள் பைபேக் நடத்தும்: உறுப்பினர் தாதுவை ஜிட்டா விலையில் சிறு தள்ளுபடியோடு கார்ப்புக்கு விற்பார், கார்ப் மொத்தமாகக் கொண்டுபோய் விற்று வித்தியாசத்தை வைத்துக்கொள்ளும். உறுப்பினருக்கும் சரக்கு சுமக்கும் வேலை மிச்சம்.

செலவுப் பக்கத்தில் முதலில் வருவது கப்பல் இழப்பீடு. கார்ப் கூட்டத்தில் பறந்து கப்பல் வெடித்தால் விலையைத் திருப்பித் தருவது. ஐந்து பேர் கார்ப்பில் முழு இழப்பீடு கட்டுப்படி ஆகாது. மலிவான டாக்ட்ரின் கப்பலுக்கு மட்டும் என்று எழுதிப் போடுங்கள்; யார் எப்போது கேட்டாலும் அதே விதி.

பில்களை மறக்காதீர்கள். ஆபீஸ் வாடகை கட்டாமல் விட்டால் ஹாங்கரில் உள்ள பொருள் முடக்கப்படும். தானாகப் பில் கட்டும் வசதி உண்டு. அது ஆன் ஆகியிருக்கிறதா, அந்த வாலட்டில் இஸ்க் இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். 2014 ஜனவரி 27-ல் பி-ஆர்5ஆர்பி என்ற சிஸ்டத்தில் ஆட்சியுரிமைப் பில் ஒன்று கட்டப்படாமல் போனது. எதிரி பார்த்துவிட்டார்கள். அதில் தொடங்கிய சண்டை 21 மணி நேரம் நீடித்து, கேமின் மிகப் பெரிய கப்பல்களான டைட்டன்கள் 75 அழிந்தன. ஒரு பில்லில் ஆரம்பித்தது.

பிராஜெக்ட்: புதிதாக வந்த நல்ல வசதி

கார்ப்பை நடத்துவதில் அலுப்பூட்டுவது, யார் என்ன செய்தார்கள் என்று எக்ஸெல்லில் எழுதி வைப்பது. 2023 ஜூனில் வெளியான விரிடியன் விரிவாக்கத்தில் கார்ப்பரேஷன் பிராஜெக்ட் என்ற வசதி வந்து இதைக் கொஞ்சம் தீர்த்தது. இத்தனை தாது வெட்ட வேண்டும், இந்தப் பொருளை இந்த ஸ்டேஷனில் சேர்க்க வேண்டும், இத்தனை பகைக் கப்பல் அழிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கலாம். ஒவ்வொரு அலகுக்கும் இவ்வளவு இஸ்க் என்று பரிசும் வைக்கலாம். கணக்கை கேமே பார்த்துக்கொள்ளும். இதை உருவாக்க பிராஜெக்ட் மேனேஜர் என்ற தனி ரோல் போதும், டைரக்டர் வேண்டாம்.

முதல் பிராஜெக்ட்டைச் சின்னதாக வையுங்கள். ‘பொது ஹாங்கருக்கு ஃப்ரிகேட் கட்டத் தேவையான டிரிட்டானியம்’ என்று பெயரிட்டு, எதற்காக என்று இரண்டு வரி எழுதி, பட்ஜெட்டைக் குறைவாக வைத்து, ஒரு வாரத்தில் முடியும்படி விடுங்கள். ஆட்கள் ஒரு பட்டை நிரம்புவதைப் பார்த்தால் வேலை செய்வார்கள், மனித சுபாவம். அதே விரிவாக்கத்தில் கார்ப் சின்னத்தைக் கப்பலில் ஒட்டும் வசதியும் வந்தது. பயன் ஒன்றும் இல்லை, ஆனால் புதியவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

2025-ல் ஃப்ரீலான்ஸ் வேலைகள் என்று இன்னொன்று சேர்த்தார்கள். கார்ப்புக்கு வெளியே இருக்கிறவர்களுக்கும் வேலை அறிவித்துச் சம்பளம் கொடுக்கலாம். சிறு கார்ப்புக்கு இது ஆள் சேர்க்கும் வழியும்கூட: உங்கள் வேலையை ஒழுங்காக முடித்த வெளியாளை அழைத்துப் பேசலாம். விளம்பரத்தைப் பார்த்து வருகிறவரைவிட அவரைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும்.

இனி வரப்போகிற வசதிகளைப் பற்றிப் பேச்சு எப்போதும் இருக்கும். சிசிபி தன் திட்டங்களைப் பொதுவில் சொல்கிறது. ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் சிஎஸ்எம் என்ற குழு 2008-லிருந்து அதைப் பற்றி நிறுவனத்தோடு பேசுகிறது. கார்ப் நடத்துகிறவர்களின் குறைகள் அந்தக் குழு வழியாகத்தான் பெரும்பாலும் போய்ச் சேரும். தேர்தல் வரும்போது வாக்களியுங்கள். ஆனால் அறிவித்த வசதியை நம்பி உங்கள் கார்ப்பின் அமைப்பைத் திட்டமிடாதீர்கள். ரோல் திரை இனிமேல் எளிதாகும், ஹாங்கர் உரிமை இனிமேல் தெளிவாகும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. இன்றைய பட்டன்களை வைத்துப் பூட்டுங்கள். புதியது வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆள் சேர்ப்பும் விட்டுக்கொடுப்பும்

விளம்பரத்தில் நீங்கள் இல்லாததை எழுதாதீர்கள். ‘சிறு குழு, இந்திய நேரம் இரவு, மைனிங்கும் லோசெக் சண்டையும், தமிழும் ஆங்கிலமும்’ என்று எழுதினால் வருகிறவர்கள் குறைவாக இருப்பார்கள், ஆனால் தங்குவார்கள். புதியவருக்கு முதல் இரண்டு வாரம் ‘பொது’ ஹாங்கர் மட்டும். அவர் வாய்ஸில் வருகிறாரா, உண்டியலில் ஏதாவது போடுகிறாரா, கப்பல் வெடித்தால் சிரிக்கிறாரா, சண்டை போடுகிறாரா என்று பாருங்கள். கடைசிக் குணம் எனக்கு முக்கியம். சொந்தக் கப்பல் வெடித்ததற்கு மற்றவரைத் திட்டுகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் குழுவில் ஒவ்வொருவராக வெளியே போக வைத்துவிடுவார்.

டிஸ்கார்டில் இரண்டு சேனல் போதும்: அறிவிப்பு ஒன்று, அரட்டை ஒன்று. ஐந்து பேருக்கு இருபது சேனல் திறந்து வைத்தால் எல்லாம் தூசி படியும்.

தேர்வு, வேலை, கல்யாணம் என்று சிஇஓவுக்கு இடைவெளி வரும். வருமுன் ஒருவரைத் தயார் செய்யுங்கள்: அவருக்கும் கார்ப்பரேஷன் மேனேஜ்மென்ட் ஸ்கில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பதவி மாறும்போது உறுப்பினர் வரம்பு இடிக்கும். ஆபீஸ் வாடகைக்கு இரண்டு மூன்று மாதத்துக்கான இஸ்க்கை மெயின் வாலட்டில் போட்டு, தானாகப் பில் கட்டுவது ஆன் ஆகியிருப்பதைச் சரிபார்த்து, ஏழாவது ஹாங்கரில் உள்ள உங்கள் சொந்தப் பொருளைத் தனிக் கணக்குக்கு எடுத்துவிட்டு, அப்புறம் பொறுப்பை மாற்றிக் கொடுங்கள். ஸ்ட்ரக்சர் இருந்தால் எரிபொருள் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்பதை அறிவிப்பு சேனலில் எழுதி பின் செய்துவிட்டுப் போங்கள்.